தேநீரும் ஆயுளும்

தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் உடையும் உணவும் பேச்சும் சிறிது சிறிதாக மாறி வந்துள்ளன. அம்மாறுதல்களுள் அதிக ஓசையின்றி நிகழ்ந்தது ஒன்று உண்டு. காப்பி இருந்த இடத்தில் பெரும்பாலும் தேநீர் வந்து அமர்ந்துவிட்டது. தில்லி கரோல் பாகிலும் மும்பை மாதுங்காவிலும் வாழும் தமிழர் இல்லங்களில் காலைக் காப்பி இன்னும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அலுவலகத்தில் சென்று அமர்ந்தது முதல் மாலையில் வீடு திரும்பும் வரை நம் கைக்கு வருவது தேநீர்தான். கோப்பு ஒன்று மேசையை விட்டு நகர்வதற்கு ஒரு கோப்பை, பார்க்க வந்தவரோடு ஒரு கோப்பை, கூட்டம் தொடங்குமுன் ஒன்று, முடிந்த பின் ஒன்று என்று கணக்கு ஏறுகின்றது. தேநீர் தமிழ்நாட்டுக்கும் புதியதன்று. அங்கே தெருமுனைக்குத் தெருமுனை கடை உண்டு. ஆனால் நாள் முழுவதையும் தேநீரால் அளக்கும் பழக்கத்தை நம்மில் பலர் வடக்கே வந்த பின்புதான் கற்றுக்கொண்டோம்.

ஆகவே தேநீர் ஆயுளை நீட்டுமா என்னும் கேள்வி நமக்கு ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. தேநீர் அருந்துவோர் நீண்ட காலம் வாழ்கின்றனர் என்று பத்திரிகையில் ஒரு நாள் படிக்கின்றோம். சூடான தேநீர் புற்றுநோய்க்கு இடந்தரும் என்று மற்றொரு நாள் படிக்கின்றோம். முதல் செய்தியைக் கண்டவர் ஆறாவது கோப்பைக்குக் கை நீட்டுகின்றார். இரண்டாவதைக் கண்டவர் விஞ்ஞானிகளுக்கு வேறு வேலை இல்லை என்று தாளை மடித்து வைக்கின்றார். இவ்விரு செய்திகளும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும். எந்தத் தேநீர், எப்போது, எவ்வளவு சூட்டில், எதனோடு சேர்த்து அருந்தப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமைகின்றது.

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் வெவ்வேறு செடிகளிலிருந்து கிடைப்பவை என்று எண்ணுவோர் உளர். அவ்வாறில்லை. இரண்டும் ஒரே செடியின் இலைகள். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி உலர்த்தினால் பச்சைத் தேயிலை. அதனை வாடவிட்டு, நசுக்கி, காற்றுப் பட்டு நிறம் மாறிய பின் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. நம் கடைகளில் மிகுதியாக விற்பது, இயந்திரத்தில் நறுக்கிச் சுருட்டிய குருணைத் தேயிலை. விரைவில் சாறு இறங்குவதும், பாலும் சர்க்கரையும் சேர்ந்த பின்னும் நிறம் குன்றாதிருப்பதும் அதன் இயல்பு. இலையில் துவர்ப்பைத் தருபவை பாலிபீனால் எனப்படும் பொருள்கள். உறக்கத்தை விரட்டுவது காஃபீன். தியனைன் என்ற மற்றொரு பொருளும் தேயிலையில் உண்டு. காஃபீனின் படபடப்பை அது ஓரளவு தணிக்கின்றது என்பர். தேநீர் தரும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் முதல் இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

தேநீர் மனிதனுக்குச் செய்த முதல் உபகாரம் இலையால் வந்ததன்று, நீரைக் கொதிக்க வைத்ததால் வந்தது. காந்தியடிகள் 1942-ஆம் ஆண்டில் புனே ஆகாகான் மாளிகையில் சிறையிருந்த காலத்தில் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். தேநீர், காப்பி, கோகோ ஆகிய மூன்றுமே உடலுக்குத் தேவையில்லாதவை என்பது அவர் கொள்கை. எனினும் சீனாவில் குடிநீரை நம்ப முடியாததால் அதனைக் காய்ச்சியே குடிக்க வேண்டியிருந்தது என்றும், தேயிலை அதற்குத் துணையாயிற்று என்றும் அவர் விளக்கினார். இங்கிலாந்தின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1784-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தேயிலையின் மீதிருந்த 119 சதவிகித வரியை 12½ சதவிகிதமாகக் குறைத்தது. ஏழைகளும் தேநீர் அருந்தத் தொடங்கினர். அதன் பின்னர், நல்ல தண்ணீர் கிடைக்காத ஊர்களிலேயே மரணங்கள் கூடுதலாகக் குறைந்தன என்று பொருளாதார வரலாற்றாய்வு ஒன்று அண்மையில் கணக்கிட்டுக் காட்டியுள்ளது. இன்றும் இரயில் நிலையங்களில் கையில் குப்பித் தண்ணீர் இல்லாத வேளையில் தேநீரே நம்பத் தகுந்த பானமாயிருப்பதன் காரணம் இதுவே.

இனி, இக்கால ஆராய்ச்சிகளைக் காண்போம். ஜப்பானின் மியாகி மாவட்டத்தில் 40 வயது முதல் 79 வயது வரையுள்ள 40,530 பேரைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நாளொன்றுக்கு ஐந்து கோப்பைக்குக் குறையாமல் பச்சைத் தேநீர் அருந்தியோரை, ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்தியோருடன் ஒப்பிட்டனர். மரண விகிதம் ஆண்களிடையே 12 சதவிகிதமும் பெண்களிடையே 23 சதவிகிதமும் குறைந்திருந்தது. இருதயம், இரத்தக் குழாய் சம்பந்தமான மரணங்களில் குறைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் மரணங்களில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. இம்முடிவுகள் 2006-இல் வெளியாயின. சீனாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பற்றிய ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று முறையேனும் தேநீர் அருந்துபவர் ஐம்பது வயதுக்குப் பின் சராசரியாக ஒன்றேகால் ஆண்டு கூடுதலாக வாழ்வதாக அது கணித்தது. அங்கும் நன்மை தெளிவாகப் புலப்பட்டது பச்சைத் தேநீரில்தான்.

நமக்கு அருகில் வருவது 2022-இல் வெளியான ஆங்கில நாட்டு ஆய்வு. அந்நாட்டில் 40 முதல் 69 வயது வரையுள்ள ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை ஆய்வாளர் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்று கறுப்புத் தேநீர் அருந்துவோர். நாள்தோறும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ அருந்தியவர்களின் மரண விகிதம், தேநீரே அருந்தாதவர்களுடையதை விட 9 முதல் 13 சதவிகிதம் வரை குறைவாக இருந்தது. பால் சேர்த்தவர், சேர்க்காதவர் என்ற பேதம் இதில் தென்படவில்லை.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அறிவியல் அறிக்கைகளைத் தமிழாக்கும்போது மிகவும் அஞ்சுவது கடினமான கலைச்சொற்களுக்கன்று. 'தொடர்புடையது' என்னும் எளிய சொல்லுக்கே. ஆய்வாளர் தொடர்பு என்றுதான் எழுதுகின்றார். அது தலைப்பை அடைவதற்குள் காரணமாகி, விளம்பரத்தை அடைவதற்குள் வாக்குறுதியாகிவிடுகின்றது. மேலே கூறிய மூன்று ஆய்வுகளும் மக்கள் வாழும் விதத்தை உற்று நோக்கியவை. தேநீர் அருந்துபவர் வேறு வகைகளிலும் மாறுபட்டவராயிருக்கலாம். ஏற்கெனவே நோயுற்றவர் தேநீரை நிறுத்தியிருக்கலாம். அவர் அருந்தாதோர் வரிசையில் சேர்ந்து அவ்வரிசையின் மரண விகிதத்தை உயர்த்தியிருக்கலாம். ஆய்வாளர் இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு இயன்றவரை கழித்துப் பார்க்கின்றனர். முழுவதும் கழித்துவிட முடியாது. தேநீரைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளும் சில உண்டு. 2013-இல் அவற்றுள் பதினொன்றை ஒருசேர ஆராய்ந்தபோது, தீய கொழுப்பும் இரத்த அழுத்தமும் சிறிது குறைந்தமை தெரியவந்தது. அவை சிறிய, குறுகிய காலப் பரிசோதனைகள். எனவே தேநீர் இருதயத்துக்கு ஓரளவு நன்மை செய்யக்கூடும் என்று சொல்லலாம். அளவோடு அருந்துவோர் அஞ்ச வேண்டியதில்லை என்று இன்னும் உறுதியாகச் சொல்லலாம். ஆயுள் நீள்வதற்காக, தேநீர் அருந்தாத ஒருவரைக் கட்டாயப்படுத்தி அருந்தச் சொல்வதற்கு இவ்வளவு சான்று போதாது.

அடுத்த கேள்வி, அவர்கள் அருந்திய தேநீரும் நாம் அருந்தும் தேநீரும் ஒன்றுதானா என்பது. ஜப்பானியர் பச்சைத் தேநீரில் சர்க்கரை சேர்ப்பதில்லை. ஆங்கிலேயர் கொதிநீரில் இலையை ஊறவைத்து, அதில் சிறிது பால் விடுவர். நாமோ நீரையும் பாலையும் தூளையும் சர்க்கரையையும் இஞ்சியையும் ஒன்றாகப் போட்டு, பொங்கப் பொங்கக் காய்ச்சுகின்றோம். பால் சேர்ப்பதால் இலையின் குணம் கெடுமா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. 2007-இல் பெர்லினில் பதினாறு பெண்களிடம் நடத்திய பரிசோதனை ஒன்றில், வெறும் தேநீர் இரத்தக் குழாயைத் தளர்த்தியது என்றும், பால் சேர்த்தபோது அப்பலன் மறைந்தது என்றும் கண்டனர். ஆங்கில நாட்டுப் பேராய்வு அவ்வாறு காட்டவில்லை. பதினாறு பேரை வைத்துப் பாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று என்பது நம் கருத்து.

சர்க்கரையின் நிலை வேறு. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை நான்கு அல்லது ஐந்து கிராம் எடையுள்ளது. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்துபவர் தேநீர் வழியாக மட்டும் 40 முதல் 50 கிராம் சர்க்கரை உட்கொள்கின்றார். உணவின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இத்தகைய சர்க்கரை இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. சாதாரண உழைப்புள்ள ஒருவருக்கு முன்னது சுமார் 50 கிராம், பின்னது சுமார் 25 கிராம். ஆக, லட்டு, ஜிலேபி எதையும் தொடாதவரின் கணக்கும் மாலைக்குள் தீர்ந்துவிடுகின்றது. நம் நாட்டில் நீரிழிவு நோயினர் 10 கோடிக்கும் அதிகம் என்று 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு மதிப்பிட்டதை இங்கே நினைவு கூர வேண்டும். இலை செய்யக்கூடிய சிறு நன்மையைச் சர்க்கரை எளிதில் விழுங்கிவிடும். வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு அதிகமாக முறையிடுவதில்லை. அலுவலகங்களில் முன்பே சர்க்கரை கலந்து குடுவையில் கொண்டுவரும் தேநீர்தான் இதற்கு இடையூறு. சர்க்கரையைத் தனியே வைக்கும்படி கேட்டுக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நம் வீட்டுப் பெண்டிரைப் பொறுத்தவரை, சர்க்கரையினும் கவலை தருவது ஒன்று உண்டு. அது தேநீர் அருந்தும் வேளை. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தோடு குடலில் கூடி, கரையாத பொருளாகிவிடுகின்றன. உடல் அதனை ஏற்பதில்லை. மருத்துவ அறிஞர் இதனை 1975-ஆம் ஆண்டிலேயே பரிசோதித்துக் காட்டினர். இறைச்சியிலுள்ள இரும்பு வேறு வடிவத்தில் இருப்பதால் அதற்கு இத்தடை குறைவு. தாவர உணவையே நம்பியிருப்போருக்குத்தான் இழப்பு அதிகம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர் இரத்த சோகையுள்ளவர்கள். இதற்குத் தேநீர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வறுமை, தொடர்ந்த பிரசவங்கள், குடற்புழு, சத்துக் குறைந்த உணவு என்று காரணங்கள் பல. ஆனால் உணவிலிருக்கும் கொஞ்ச இரும்பையும் தேநீர் தடுத்து நிறுத்துகின்றது என்றால் அது சிறிய விஷயமன்று.

தமிழ்நாட்டில் சாப்பாட்டை மோரில் முடிப்பது வழக்கம். வடக்கே வந்த பின், காலையில் ரொட்டியையோ பரோட்டாவையோ தேநீரோடு சேர்த்தே உண்ணப் பழகிவிட்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் உடனே ஒரு கோப்பை என்பதும் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. அனைவருக்கும் பரிமாறிவிட்டு நேரங்கழித்து உண்ணும் இல்லத்தரசி, உணவையும் மாலைத் தேநீரையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதும் உண்டு. கீரை வாங்கிச் சமைத்ததன் பயன் அவ்வளவில் பெரிதும் குறைந்துபோகின்றது. கருவுற்ற பெண்கள் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது இன்னும் கேடானது. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரையும் காப்பியையும் தவிர்க்கச் சொல்கின்றன. ஒரு மணி நேர இடைவெளி அத்தடையைக் கணிசமாகக் குறைப்பதை 2017-இல் வெளியான பரிசோதனையும் காட்டியது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை உடலில் சேர்க்க உதவுபவை. ஆகவே பருப்புச் சாதத்தோடு நெல்லிக்காய்ப் பச்சடியும், தேநீருக்கு ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால், ஒரு காசும் செலவின்றி உடலுக்கு இரும்பு சேரும். மருந்துக் கடை வைத்தியத்தை விட இதைச் சொல்வதற்கு வீட்டில் ஒருவர் முன்வருவது நலம். அவர் ஆண்மகனாயிருந்து, அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் தாமே தேநீரைப் போட்டுக் கொடுத்தால் மிகவும் நலம்.

புற்றுநோயைப் பற்றிய செய்திக்கு வருவோம். ஈரான் நாட்டின் வடகிழக்கே கோலஸ்தான் என்னும் மாகாணத்தில் உணவுக்குழல் புற்றுநோய் மிகுதி. அங்கே மக்கள் கறுப்புத் தேநீரை மிகுந்த சூட்டில் அருந்துவர். 2009-இல் வெளியான ஆய்வு, ஊற்றிய இரண்டு நிமிடத்துக்குள் அருந்தியவர்களையும் நான்கு நிமிடமாவது பொறுத்து அருந்தியவர்களையும் ஒப்பிட்டது. முன்னவர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகமாயிருந்தது. 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்கள் புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்ற வகையில் சேர்த்தது. குற்றம் சாட்டப்பட்டது சூடு, தேயிலையன்று. காப்பியானாலும் வெந்நீரானாலும் இதே விதிதான்.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் கையாண்ட பழக்கம் சிறந்தது. டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே இரண்டு மூன்று முறை ஆற்றிய பின்புதான் காப்பியை வாயில் வைப்பார்கள். நுரைக்காகச் செய்தார்களோ சூட்டுக்காகச் செய்தார்களோ, பானம் உதட்டை அடையுமுன் சூடு தணிந்துவிடும். தேநீருக்கு மாறியபோது டபராவை ஊரிலேயே விட்டுவிட்டோம். தில்லியின் டிசம்பர்க் குளிரில் கண்ணாடிக் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு ஆவி பறக்க உறிஞ்சுவது இன்பமாகத்தான் இருக்கின்றது. நான்கு நிமிடம் கைகளைச் சூடேற்றிக்கொண்டு பிறகு அருந்தலாம். வீட்டில் டபராவை மீண்டும் வெளியே எடுத்தாலும் தவறில்லை.

காஷ்மீரத்திலும் அஸ்ஸாமிலும் பணிபுரியும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. காஷ்மீரத்தார் தேநீரில் உப்பும் சோடா உப்பும் சேர்ப்பர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் உப்புத் தேநீர் அருந்துவர். வெயிலில் இலை பறிப்போர்க்குத் தோட்டங்களில் இது நெடுங்கால வழக்கம். அத்தொழிலாளரிடையே உயர் இரத்த அழுத்தம் மிகுதியாகக் காணப்படுவதைத் திப்ருகரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்து, உப்புத் தேநீரையும் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தனர். அத்தோட்டங்களின் பெண்களிடையே இரத்த சோகையும் மிகுதி. தேயிலையைப் பறிப்போர்க்கு அதன் நன்மை எட்டாமற்போவதற்குக் கூலியும் குடியிருப்பும் உணவுமே முதற்காரணங்கள். கேரளத்து மூணாற்றில் இலை பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள் 2015-இல் ஊதியத்துக்காகவும் போனசுக்காகவும் தெருவில் அமர்ந்து போராடியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேநீரும் ஆயுளும் என்று பேசுகையில் அவர்களுடைய ஆயுளையும் அதில் சேர்த்தே எண்ணுதல் முறை.

எத்தனை கோப்பை அருந்தலாம் என்று கேட்பவர்க்கு, மேலே குறிப்பிட்ட 2024-ஆம் ஆண்டு நெறிமுறைகளே விடை தருகின்றன. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் உள்ளது. வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. காலையில் இரண்டு டம்ளர் காப்பி அருந்திவிட்டு அலுவலகம் செல்பவருக்கு அங்கே இரண்டு கோப்பைக்கு மேல் இடமில்லை. கருவுற்றோர் இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது. அக்காலத்தில் காஃபீன் உடலை விட்டு நீங்க நெடுநேரமாகின்றது. மற்றவர்க்கும் உட்கொண்ட காஃபீனில் பாதி கழிவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணிக்கு அருந்தியதில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கின்றது. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் முதியோர் பலர், புது ஊரில் உறக்கம் பிடிக்கவில்லை என்று சொல்லி மாத்திரை தேடுகின்றனர். மாத்திரைக்கு முன், மாலை நான்கு மணிக்குப் பின் தேநீரை நிறுத்திப் பத்து நாள் பார்க்கலாம். விருந்துக்குச் சென்ற இடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேநீர் வந்தால், அதற்குப் பதிலாகச் சீரகம் போட்ட வெந்நீர் கேட்கலாம். வடக்கத்தி வீடுகளிலும் சீரகம் இல்லாத அடுக்களை இல்லை.